எறும்பு ஊர்ந்தது... கல் தேயவில்லை!

நிலவைச் 'சூரியக் காற்று' அரிக்கிறது என்ற அரை நூற்றாண்டுக் கணக்கு பிசகியது எப்படி?

1969 ஜூலையில் நிலவில் இறங்கியவர்கள் கொடி நட்டது எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். கொடிக்கு முன்பே அங்கே வேறொன்று நடப்பட்டுவிட்டது. ஒரு கம்பு, அதில் திரைச்சீலை மாதிரி இழுத்து மாட்டிய அலுமினியத் தாள். 30 செ.மீ. அகலம், 140 செ.மீ. நீளம். பஸ் ஆல்ட்ரின் அதைச் சூரியனைப் பார்த்து நிறுத்தினார். 77 நிமிடம் கழித்துச் சுருட்டிப் பெட்டியில் வைத்தார்கள். பூமிக்கு வந்த தாள், சுவிட்சர்லாந்தின் பெர்ன் பல்கலைக்கழகத்துக்குப் போனது. யோஹான்னஸ் கைஸ் தலைமையிலான குழு அதற்குள் சிக்கியிருந்த ஹீலியம், நியான் அணுக்களைப் பிரித்து அளந்தது. எல்லாம் சூரியனிலிருந்து கிளம்பி, 15 கோடி கிலோமீட்டர் பறந்து, அலுமினியத்தில் குத்திப் புதைந்தவை.

காற்றே இல்லாத ஊரில் காற்றைப் பிடிக்க விரித்த வலை அது. அந்தக் காற்று 77 நிமிடத்தில் அலுமினியத்துக்குள் புகுந்துகொள்கிறது என்றால், 450 கோடி வருடமாக அதை வாங்கிக்கொண்டே இருக்கும் நிலவின் தரை என்ன ஆகியிருக்கும்? தேய்ந்திருக்கும் என்றுதான் யாருக்கும் தோன்றும். எறும்பு ஊரக் கல்லும் தேயும் என்பது நம் ஊர்ப் பேச்சு. விஞ்ஞானிகளும் அப்படித்தான் கணக்குப் போட்டு வைத்திருந்தார்கள். 2025-ல் வியன்னாவில் ஒரு சிட்டிகை நிஜ நிலவு மண்ணை வைத்துச் சோதித்தபோது, அந்தக் கணக்கு பத்து மடங்கு வரை மிகை என்று தெரிந்தது.

சந்திரசேகர் அச்சேற்றிய காற்று

சூரியக் காற்று என்ற பெயரே கொஞ்சம் ஏமாற்று வேலை. இலையை அசைக்காது, கொடியை ஆட்டாது. சூரியனின் வெளிவட்டத்தில் வெப்பம் பத்து லட்சம் டிகிரியைத் தாண்டுகிறது. அங்கே அணுக்கள் முழுசாக இருக்க முடியாமல் புரோட்டான், எலக்ட்ரான் என்று உடைந்து, சூரியனின் ஈர்ப்பையும் மீறி வெளியே வழிந்து ஓடுகின்றன. நொடிக்குப் பத்து லட்சம் டன்னுக்கு மேல் சூரியன் இப்படி இழந்துகொண்டிருக்கிறது. நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து புரோட்டான். நாலு ஹீலியம் கரு. மீதி சொச்சம் கனமான தனிமங்கள்.

வேகம் நொடிக்குச் சுமார் 400 கி.மீ. ஒரு நொடியில் சென்னையிலிருந்து மதுரைக்குப் போய்விடலாம். அடர்த்திதான் பரிதாபம். பூமிக்குப் பக்கத்தில், ஒரு சுண்டைக்காய் அளவு இடத்தில் நாலைந்து துகள். அதே இடத்தில் நம் வீட்டுக் காற்றில் இருக்கும் மூலக்கூறுகளை எழுத வேண்டுமானால், ஒன்றுக்குப் பின்னால் பத்தொன்பது பூஜ்யம் போட வேண்டும்.

இப்படி ஒன்று வீசுகிறது என்று முதலில் சொன்னவர் பாடு எளிதாக இல்லை. வால்நட்சத்திரத்தின் வால் எப்போதும் சூரியனுக்கு எதிர்ப் பக்கம் நீள்வதைப் பார்த்து, ஏதோ துகள் வெள்ளம் தள்ளுகிறது என்று 1951-ல் ஜெர்மனியின் லுட்விக் பியர்மன் ஊகித்தார். 1958-ல் சிகாகோவின் இளம் இயற்பியலாளர் யூஜின் பார்க்கர், அதற்குக் கணக்கு எழுதி ஓர் ஆய்விதழுக்கு அனுப்பினார். மதிப்பிட்ட இருவரும் நிராகரித்தார்கள். அந்த இதழின் ஆசிரியர் யார் என்றால், சென்னை மாநிலக் கல்லூரியில் படித்துச் சிகாகோவில் பேராசிரியராக இருந்த சுப்பிரமணியன் சந்திரசேகர். அவருக்கே அந்தக் கருத்தில் நம்பிக்கை இல்லை. ஆனால் கணக்கில் தவறு எங்கே என்று யாராலும் காட்ட முடியவில்லை. அதனால் அச்சிட்டார். தனக்குப் பிடிக்காததையும் தவறில்லை என்பதற்காக அச்சிடும் ஆசிரியர் எந்தத் துறையிலும் அபூர்வம்தான்!

1962-ல் வெள்ளிக் கோளுக்குக் கிளம்பிய மாரினர்-2 விண்கலம், வழி நெடுக அந்தக் காற்றை அளந்து பார்க்கர் சொன்னது சரி என்று காட்டியது. 2018-ல் அவர் பெயரையே தாங்கிய விண்கலம் சூரியனை நோக்கிப் பாய்ந்தபோது, 91 வயதில் நேரில் நின்று பார்த்தார் பார்க்கர்.

பூமியில் நமக்கு இந்தக் காற்று படுவதில்லை. காந்தப்புலம் வெளியிலேயே திருப்பி அனுப்பிவிடுகிறது. மீறி நுழைந்தாலும் மேலே வளிமண்டலம் இருக்கிறது. நிலவுக்கும் சிறுகோள்களுக்கும் இந்த இரண்டு குடையும் இல்லை. புதனுக்கு ஒன்று மட்டும் உண்டு, அதுவும் ஓட்டைக் குடை. அது பிறகு.

கேரம் போர்டில் ஒரு பட்டாணி

நிலவின் தரையில், கட்டைவிரல் நகம் அளவுள்ள இடத்தில், நொடிக்குச் சுமார் 20 கோடி புரோட்டான்கள் வந்து விழுகின்றன. ஒவ்வொன்றின் ஆற்றலும் ஏறத்தாழ ஆயிரம் எலக்ட்ரான் வோல்ட். கல்லில் ஓர் அணுவைப் பிடித்து வைத்திருக்கும் கட்டோ சில எலக்ட்ரான் வோல்ட்தான். அப்படியானால் ஒரு புரோட்டான் நூறு அணுக்களையாவது பெயர்த்து எறிய வேண்டாமா?

கேரம் ஆடியவர்களுக்கு விடை தெரியும். நடுவில் அடுக்கிய காய்களை ஸ்ட்ரைக்கரால் அடித்தால், காய்கள் பெரும்பாலும் எதிர்ப் பக்கம்தான் ஓடும். காய்க்குக் காய் மோதி, கடைசியில் உதை வாங்கிய ஒன்றோ இரண்டோதான் நம் பக்கம் திரும்பி வரும். தரையில் குத்தும் புரோட்டான் தன் ஆற்றலையெல்லாம் உள்ளே கொண்டுபோய்க் கரைக்கிறது. மேல்பரப்பில் இருக்கும் ஓர் அணுவுக்கு 'வெளியே' என்ற திசையில் உதை கிடைத்தால்தான் அது கிளம்பும். போதாக்குறைக்கு இங்கே ஸ்ட்ரைக்கர் ரொம்ப இலேசு. ஆக்சிஜன் அணு புரோட்டானைப்போல் 16 மடங்கு கனம்; இரும்பு 56 மடங்கு. பட்டாணியைச் சுண்டிக் காயைத் தள்ளுகிற கதை. ஹீலியம் நாலு மடங்கு கனம் என்பதால், எண்ணிக்கையில் குறைந்தாலும் வேலையில் கணிசமான பங்கு அதற்குத்தான்.

இப்படி அணு தெறித்துக் கிளம்புவதை 'ஸ்பட்டரிங்' என்கிறார்கள். தொழிற்சாலைகளில் கண்ணாடி மேல் மெல்லிய உலோகப் பூச்சு ஏற்றுவதற்குப் பயன்படுவதும் இதே விஷயம்தான். ஆகவே இயற்பியல் புதிதல்ல. நிலவின் தரை எப்படிப்பட்டது என்பதில்தான் இடறினார்கள்.

இங்கே ஒரு சிறு கணக்கைப் போட்டுப் பார்த்துவிடலாம். நூறு துகள் விழுந்தால் ஐந்து அணு கிளம்புகிறது என்று, பழைய பாணியில் தாராளமாக வைத்துக்கொள்வோம். பகலும் இரவும், நேர்ப் படுவதும் சாய்ந்து படுவதும் சேர்த்துச் சராசரி எடுத்தால், நிலவின் தோலில் ஒரே ஓர் அணு அடுக்கு உரிய சுமார் 15 வருடம் ஆகும். பத்து லட்சம் வருடத்தில் உரிவது ஒரு தலைமுடியின் தடிமனில் கால்வாசிக்குப் பக்கம். ஆர்ம்ஸ்ட்ராங்கின் காலடித் தடம் மூன்று சென்டிமீட்டர் ஆழம் என்று கொண்டால், அதைச் சூரியக் காற்று மட்டும் துடைத்தெடுக்க 200 கோடி வருடம் வேண்டும். வியன்னா சொல்லும் பத்து மடங்குக் குறைப்பை அப்படியே போட்டால் அது 2,000 கோடி வருடமாகிறது. பேரண்டத்தின் வயதே 1,380 கோடிதான்!

ஒரு லாரி லோடு வளிமண்டலம்

சரி, அணு அணுவாக உரிவதைப் பற்றி இத்தனை பேர் ஏன் மண்டையை உடைத்துக்கொள்கிறார்கள்? நிலவுக்கு ஒரு வளிமண்டலம் இருக்கிறது என்பதால்தான். மொத்த எடையும் ஒன்றிரண்டு லாரி லோடு தேறலாம். அதில் உள்ள அணுக்கள் ஒன்றோடொன்று மோதிக்கொள்வதுகூட இல்லை. அத்தனை தூரம் தூரமாக இருக்கின்றன. இதற்கு எக்ஸோஸ்பியர் என்று பெயர். 1988-ல் ஆண்ட்ரூ பாட்டரும் தாமஸ் மார்கனும் பூமியில் இருந்தபடியே நிலவைச் சுற்றிச் சோடியத்தையும் பொட்டாசியத்தையும் கண்டார்கள். தெருவிளக்கில் மஞ்சளாக எரியுமே, அதே சோடியம். அதற்கு மூன்று வருடம் முன்பு இதே இருவர் புதனிலும் சோடியத்தைக் கண்டிருந்தார்கள்.

இந்தச் சோடியம் நிலைத்து நிற்பதில்லை. சூரிய ஒளி தள்ளித் தள்ளி நிலவுக்குப் பின்னால் வால் போல நீள்கிறது. அமாவாசையை ஒட்டி அந்த வால் பூமியின் மேல் படிந்து, நம் ஈர்ப்பால் ஒடுங்கி, இரவு வானில் கண்ணுக்குத் தெரியாத மங்கல் புள்ளியாகக் குவிகிறது. 1998 நவம்பரில் சிம்ம ராசி எரிகல் பொழிவுக்கு அடுத்து, பாஸ்டன் பல்கலைக்கழகக் குழுவினரின் கேமராவில் அது தற்செயலாக மாட்டியது.

ஓடிக்கொண்டே இருக்கும் தண்ணீருக்கு ஊற்று எங்கோ இருந்தாக வேண்டும். நிலவின் தரையிலிருந்து இந்த அணுக்களை எடுத்துக் கொடுப்பது யார்? சூரிய ஒளியும் வெப்பமும் மேலாக ஒட்டியிருக்கும் சோடியத்தைத் தட்டி எழுப்பலாம். கல்லோடு கல்லாக இறுகிக் கிடக்கும் கால்சியத்தையும் மக்னீசியத்தையும் கிளப்ப அவற்றால் ஆகாது. அதற்குத் தகுதியானவர்கள் இரண்டு பேர். ஒன்று, சூரியக் காற்று. மற்றது, மணலைவிடப் பொடிசாக, நொடிக்குப் பல கிலோமீட்டர் வேகத்தில் வந்து விழுந்து தரையை ஆவியாக்கும் நுண் விண்கற்கள்.

காற்றின் மேல் சந்தேகம் விழுந்த முதல் தடயங்களில் ஒன்று கிரகணத்தில் கிடைத்தது. மாதாமாதம் பௌர்ணமியை ஒட்டி நாலைந்து நாள், நிலவு பூமியின் காந்த வாலுக்குள் நுழைகிறது. அப்போது சூரியக் காற்று அதன் மேல் கிட்டத்தட்டப் படுவதே இல்லை. நிலவொளி கண்ணைக் கூசுவதால் சாதாரணப் பௌர்ணமியில் மங்கலான சோடியத்தைப் பார்க்க முடியாது. முழுச் சந்திர கிரகணத்தில் முடியும். 1993 நவம்பர் கிரகணத்தில் மைக்கேல் மெண்டில்லோ, ஜெஃப்ரி பாம்கார்ட்னர் இருவரும் பார்த்தார்கள். காற்று நின்றிருந்தும் சோடியப் போர்வை விரிந்துதான் கிடந்தது.

அடுத்து 2013-14-ல் நாசாவின் லாடீ விண்கலம் நிலவைச் சுற்றியபோது, எரிகல் பொழிவு வரும் சமயங்களில் பொட்டாசியம் எகிறுவதைக் கண்டது. 2024-ல் எம்.ஐ.டி.யைச் சேர்ந்த நிக்கோல் நை குழுவினர், அப்பல்லோ மண்ணில் எஞ்சியிருக்கும் பொட்டாசியம், ருபிடியம் ஐசோடோப்புகளை அளந்தார்கள். ஆவியாகிப் போவதும் அடிபட்டுத் தெறிப்பதும் இலேசு அணுக்களையும் கன அணுக்களையும் வெவ்வேறு விகிதத்தில் விட்டுச்செல்லும். அந்த விகிதத்தை வைத்து அவர்கள் சொன்ன தீர்ப்பு: எக்ஸோஸ்பியரில் 70 சதவீதமாவது விண்கல் மோதலின் வேலை, காற்றின் பங்கு 30-க்குள்.

வியன்னாவில் ஒரு சிட்டிகை

இத்தனைக்கும் பிறகும் கணினி மாதிரிகளில் காற்றுக்குப் பெரிய எண்ணைத்தான் போட்டுவந்தார்கள். ஏனென்றால் ஆய்வகத்தில் அடித்துப் பார்த்ததெல்லாம் வழுவழுப்பான பரப்பு: மெருகேற்றிய கனிமம், கண்ணாடிபோல் படிய வைத்த மெல்லிய ஏடு. கேலி என்னவென்றால், 1978-லேயே புரூஸ் ஹாப்கேயும் காசிடியும் எழுதிய ஓர் ஆய்வுக் கட்டுரை, நிலவு என்ன பில்லியர்ட்ஸ் பந்து போல வழுவழுப்பாகவா இருக்கிறது என்று தலைப்பிலேயே கேட்டிருந்தது. கேள்வி கேட்டவர்களுக்கு நிஜ மண்ணில் அளந்து பதில் சொல்ல 47 வருடம் ஆகியிருக்கிறது.

வியன்னா தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் யோஹான்னஸ் ப்ரோட்ஸ்னர், ஃப்ரீட்ரிஷ் ஔமயர் ஆகியோரின் குழு எடுத்துக்கொண்டது, 1972 ஏப்ரலில் ஜான் யங்கும் சார்லஸ் டியூக்கும் டெகார்ட்டஸ் மேட்டுநிலத்தில் அள்ளிய மண். அப்பல்லோ-16 பயணத்தின் சரக்கு. மாதிரி எண் 68501. அதை வில்லையாக அழுத்தி, அதன் மேல் சூரியக் காற்றின் வேகத்தில் ஹைட்ரஜனையும் ஹீலியத்தையும் பாய்ச்சினார்கள். கிளம்பும் அணுக்களை நிறுப்பதற்கு ஏது தராசு? கைக்கடிகாரத்துக்குள் துடிக்கிறதே குவார்ட்ஸ் படிகம், அதுதான். அதன் மேல் ஓர் அணு அடுக்குக்கும் குறைவாகப் படிந்தால்கூடத் துடிப்பு சற்று மந்தமாகும். அந்த மந்தத்தை அளந்தால் எடை தெரிந்துவிடும்.

நிலவின் மேல்மண் எப்படி இருக்கும் என்றால், சல்லடையில் சலித்துக் கொட்டிய மாவு, யாரும் தட்டாமல் விட்ட குவியல். மணிக்கு மணி இடைவெளி, பொந்து, பொதும்பு. சிமென்ட் தரையில் தண்ணீர் ஊற்றினால் நாலாப் பக்கமும் தெறிக்கும். மாவுக் குவியலில் ஊற்றினால் உள்ளேயே வாங்கிக்கொள்ளும். அந்த மாதிரி, பொந்துக்குள் போய் விழும் புரோட்டான் ஓர் அணுவைப் பெயர்த்தாலும், அந்த அணு வெளியே வர வழியில்லாமல் பக்கத்து மணியின் சுவரில் முட்டி அங்கேயே ஒட்டிக்கொள்கிறது. கரடுமுரடும் பொந்தும் சேர்ந்து வெளியேற்றத்தைப் பத்து மடங்கு வரை குறைப்பதைச் சோதனையும் முப்பரிமாணக் கணினி மாதிரியும் சேர்ந்து காட்டின. 2025-ல் முடிவு வெளியானது.

எனக்கு இதில் பிடித்தது எண்கூட அல்ல, மண். நம் நாமக்கல் பக்கத்துச் சித்தம்பூண்டி, குன்னமலைப் பாறைகள் நிலவின் மேட்டுநிலக் கல்லை ஒத்தவை. அவற்றை அரைத்துத்தான் இஸ்ரோ, சந்திரயான் ரோவரின் சக்கரத்தை ஓட்டிப் பார்க்க செயற்கை நிலவு மண் தயாரித்தது. சக்கரத்துக்கு அது போதும். அணுக் கணக்குக்குப் போதாது. கோடிக்கணக்கான வருடம் காற்றும் விண்கல்லும் புடைத்த மணி ஒவ்வொன்றும் ஒரு தனித் தோலைப் போட்டுக்கொண்டிருக்கிறது. அரைத்த கல்லில் அது வராது.

உரிக்காமல் சாயம் ஏற்றுகிறது

அந்தத் தோலில்தான் சூரியக் காற்றின் நிஜமான கைவரிசை. பக்கத்து மணியில் முட்டி ஒட்டிக்கொண்டதே, தப்ப முடியாத அணு, அதில் இரும்பும் உண்டு. அந்த இரும்பு மணிகளின் மேல் நானோமீட்டர் அளவுத் துளிகளாகச் சேர்கிறது. விண்கல் மோதிக் கிளப்பும் ஆவியும் அதில் கூடுகிறது. விளைவு, கல் கறுக்கிறது, சற்றே சிவப்பேறுகிறது. 1960-களிலேயே கல்பொடி மேல் ஹைட்ரஜன் அயனிகளைப் பாய்ச்சி, அது கறுப்பதைப் பார்த்தவர் இதே ஹாப்கே. அவர் சொன்ன இரும்புப் பூச்சைப் பலர் ஏற்கவில்லை. 1993-ல் லிண்ட்சே கெல்லரும் டேவிட் மெக்கேயும் எலக்ட்ரான் நுண்ணோக்கியில் அந்தத் துளிகளைக் கண்ட பிறகுதான் பேச்சு மாறியது.

டைகோ பள்ளத்திலிருந்து நாலாப் பக்கமும் வெள்ளைக் கோடுகள் ஓடுவதைப் பௌர்ணமியன்று பார்க்கலாம். பத்துக் கோடி வருடச் சொச்சம் வயதான 'இளசு' என்பதால் அதற்கு இன்னும் சாயம் முழுதாக ஏறவில்லை. ரெய்னர் காமா என்ற இடத்தில் இன்னும் விசித்திரம். பள்ளமும் இல்லை, மேடும் இல்லை. தரையில் பால் சிந்தியது போல வெளிறிய சுழல். அங்கே பாறையில் தங்கிப்போன பழங்காந்தம் இருக்கிறது. அது காற்றை ஒதுக்கிவிடுவதால் அந்த இடம் கறுக்காமல் தப்பியது என்பது பலர் ஏற்கும் விளக்கம்.

சிறுகோள்களிலும் இதே சாயம் ஒரு குழப்பத்தை உண்டாக்கியிருந்தது. பூமியில் அதிகம் விழும் விண்கல் வகைக்கும், வானில் அதிகம் தெரியும் ஒரு சிறுகோள் வகைக்கும் நிறம் ஒத்துப்போகவில்லை. 2010-ல் ஜப்பானின் ஹயபுசா, இடோகாவா சிறுகோளிலிருந்து ஆயிரத்துச் சொச்சம் மணிகளைக் கொண்டுவந்தது. உள்ளே அதே விண்கல். மேலே நூறு நானோமீட்டர்கூட இல்லாத கறுத்த தோல். விவகாரம் முடிந்தது. அதே மணிகளில் சிக்கியிருந்த சூரியக் காற்று வாயுக்களை அளந்து, இடோகாவா பத்து லட்சம் வருடத்துக்குப் பல பத்து சென்டிமீட்டர் மேல்மண்ணை இழக்கிறது என்றும் கணித்தார்கள். அங்கேயும் இழப்பின் பெரும்பகுதிக்குக் காற்று காரணமல்ல. மோதல் அடித்துக் கிளப்புகிறது. பிடித்து வைக்க அந்தக் குட்டிக் கல்லுக்கு ஈர்ப்பு இல்லை.

காற்று கொடுப்பதும் உண்டு. புதையும் ஹைட்ரஜன் கல்லில் உள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து ஹைட்ராக்சிலாகிறது. 2009-ல் சந்திரயான்-1 நிலவில் கண்ட ஈரத்தின் சுவட்டில் இதற்கும் பங்குண்டு. அதே கலத்தில் இருந்த 'சாரா' கருவி, ஸ்வீடன்காரர்களும் நம் விக்ரம் சாராபாய் மையத்தினரும் சேர்ந்து செய்தது, இன்னொரு செய்தியும் சொன்னது. விழும் புரோட்டான்களில் ஐந்தில் ஒன்று வரை ஹைட்ரஜன் அணுவாகத் துள்ளித் திரும்பிவிடுகிறது. நூற்றில் ஒன்றுகூடத் திரும்பாது என்றுதான் அதுவரை நினைத்திருந்தார்கள்.

நிலவின் மேல் தேய்மானம் என்று ஒன்று உண்டு. பாறைக்குப் பத்து லட்சம் வருடத்துக்கு ஒரு மில்லிமீட்டர் என்பது பொதுவான மதிப்பீடு. நுண் விண்கற்களின் கணக்கு அது. காலடித் தடங்களுக்கும் முடிவு கட்டப்போவது அவைதான்.

இனி அந்த ஓட்டைக் குடைக்காரர். புதன் சூரியனுக்கு அருகில் இருப்பதால் காற்று அங்கே நம் பக்கத்தைவிடப் பல மடங்கு அடர்த்தி. புதனுக்குக் காந்தப்புலம் உண்டு, ஆனால் பூமியுடையதில் சுமார் நூற்றில் ஒரு பங்குதான். துருவங்களை ஒட்டிய இரண்டு வாசல்கள் வழியே காற்று நேராகத் தரையில் இறங்குகிறது. அந்த இடங்களுக்கு மேலேதான் சோடியம் தூக்கலாகத் தெரிகிறது என்று தொலைநோக்கிகள் காட்டுகின்றன. காற்றுக்குச் சாதகமான சாட்சி. எதிர்ச் சாட்சியும் உண்டு. மெசஞ்சர் விண்கலம் பார்த்தபோது, புதன் என்க்கே வால்நட்சத்திரத்தின் தூசுப் பாதையை நெருங்கும் சமயத்தில் கால்சியம் ஏறியது. நிலவில் கிடைத்த தீர்ப்பை அப்படியே புதனுக்கும் எழுதிவிட முடியாது என்பது என் எண்ணம். காற்று பலமாக இருக்கும் இடத்தில் கணக்கும் மாறலாம்.

ஐரோப்பாவும் ஜப்பானும் 2018 அக்டோபரில் ஏவிய பெபிகொலம்போ, 2026 நவம்பரில் புதனின் சுற்றுப்பாதையில் நுழைவதாகத் திட்டம். காற்று அடித்துத் தரையிலிருந்து தெறிக்கும் அணுக்களை நேரடியாக எண்ணுவதற்கென்றே அதில் ஒரு கருவி இருக்கிறது. பெயர் எலினா.